அவசரப் பிரிவின் வாசல் முதல் ஆறாம் மாத ஊசி வரை: ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் சேவை பற்றிய மதிப்பீடு

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு, நான் காப்பாளராகப் பணிபுரியும் மகளிர் விடுதியில் தங்கி வேலைக்குச் செல்லும் இளம்பெண் ஒருவரை அழைத்துக்கொண்டு எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றேன். முந்தைய நாள் இரவு அவருக்குப் பாலியல் வன்கொடுமை நேர்ந்திருந்தது. யாரால், எங்கே, எப்படி என்பதை நான் எழுதப் போவதில்லை. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது அவருடைய கதை, அவர் சொன்னால்தான் உண்டு. அந்த இரவிலும் அதன் பின் வந்த ஆறு மாதங்களிலும் எங்களுக்குக் கிடைத்த மருத்துவச் சேவை எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். அவர் என்னை அக்கா என்று அழைப்பவர் என்பதால் இங்கே அவரைத் தங்கை என்றே குறிப்பிடுகிறேன். எழுதி முடித்ததை அவரிடம் படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்று சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்ட பிறகே வெளியிடுகிறேன்.

இத்தகைய சேவையை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழக்குப் பதிவானதா, குற்றவாளி பிடிபட்டாரா, தண்டனை கிடைத்ததா என்பவை காவல் துறையையும் நீதிமன்றத்தையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள். மருத்துவமனையைப் பார்த்துக் கேட்க வேண்டியவை வேறு: வந்த பெண்ணுக்கு எத்தனை மணி நேரத்தில் மருந்து கிடைத்தது, காயத்தை யார் பார்த்தார்கள், மூன்றாம் வாரத்தில் அவரை யார் நினைவில் வைத்திருந்தார்கள். 1996ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார அமைப்பின் பேரவை வன்முறையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்துவிட்டது. அந்த அமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கணவர் அல்லது துணைவரின் வன்முறைக்கோ பிறரின் பாலியல் வன்முறைக்கோ வாழ்நாளில் ஒரு முறையேனும் ஆளாகிறார். நீரிழிவுக்கும் காசநோய்க்கும் எல்லா ஊரிலும் தனிப் பிரிவும் தனிப் பதிவேடும் மருந்து இருப்பும் வைத்திருக்கிறோம். இவ்வளவு பேரைத் தொடும் இந்தப் பாதிப்புக்கு மட்டும் காவல் நிலையத்தின் வாசலையே முதல் வாசலாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

அரசு மருத்துவமனைக்கு முன்பு, விடுதிக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் சென்றோம்; அதுதான் நடந்து போகும் தூரம். வரவேற்பு மேசையில் இருந்தவர் நான் தணிந்த குரலில் சொன்னதைக் கேட்டு உள்ளே போய் வந்து, "இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்று மட்டும் சொன்னார். எந்த மருத்துவரும் வந்து பார்க்கவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக இலவச முதலுதவியோ சிகிச்சையோ அளிக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவில் இருக்கிறது. மறுத்தால் அந்த மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவு வழி செய்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பக்கத்தில் ஒருவர் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது சட்டப் பிரிவைச் சொல்லி வாதாட யாருக்கும் நாக்கு எழாது. ஆட்டோ பிடித்தோம்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சீட்டு எழுதும் ஊழியர் எந்தக் கேள்வியும் கேட்காமல் சீட்டு போட்டுக் கொடுத்தார். அங்கே பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்தான் எங்களை நிறுத்தினார். "போலீஸ் மெமோ எங்கே?" என்பது அவருடைய முதல் கேள்வி. பரிசோதிக்கச் சொல்லிக் காவல் நிலையம் எழுதித் தரும் கடிதத்தைத்தான் மெமோ என்கிறார்கள். மெமோ இல்லை, நேராக இங்கேதான் வந்திருக்கிறோம் என்றேன். மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் மெமோ வாங்கி வந்தால்தான் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட முடியும், அதன் பிறகுதான் பரிசோதனை என்றார். அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன்; அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இந்தக் கேள்வி தவறானது என்று உச்ச நீதிமன்றம் கர்நாடக மாநிலம் எதிர் மஞ்சண்ணா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான மருத்துவச் சட்டப் பராமரிப்பு நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன: பாதிக்கப்பட்டவர் தாமாக வந்தாலும் காவல் துறை அழைத்து வந்தாலும் நீதிமன்றம் அனுப்பினாலும் சிகிச்சை உடனே தொடங்க வேண்டும். அவர் வழக்கு வேண்டாம் என்றாலும், பரிசோதனை வேண்டாம் என்றாலும், சிகிச்சையை மட்டும் மறுக்கக் கூடாது.

அந்த மெமோவுக்காக இரும்பு பெஞ்சில் ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு சாலை விபத்துக்காரரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அவரிடம் யாரும் மெமோ கேட்கவில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஏ.ஆர். எழுதினார்கள், காவலர் பிறகு வந்தார். நான் கேட்பது அதே ஒழுங்கைத்தான். மருந்து முதலில், தாள் பிறகு.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேவையின் தரம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு முன்னால் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு மணி நேரம் மிகச் சிறந்தது. தொடங்கிய பின் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கரு உண்டாவதைத் தடுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஐந்து நாள் வரை கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் அதன் பலன் குறைந்துகொண்டே போகும். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி, பால்வினை நோய்களுக்கான நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவையும் அதே இருக்கையில் முடிந்துவிட வேண்டியவை. தடயங்களை 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்று நெறிமுறை சொல்கிறது. அதாவது, தடயத்துக்கு இருக்கும் அவகாசத்தைவிட நோய்த்தடுப்புக்கு இருக்கும் அவகாசம் குறைவு. இருந்தும் மருத்துவமனைகளில் தடயத்துக்கே அவசரம் காட்டுகிறார்கள். குளித்துவிட்டதால் இனி ஒரு பயனும் இல்லை என்று தங்கை நினைத்துக்கொண்டிருந்தார். அதற்காகவே ஒரு பகல் முழுவதும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. குளித்திருந்தாலும் உடை மாற்றியிருந்தாலும் பரிசோதிக்க வேண்டும், அதைக் குறிப்பில் எழுதினால் போதும் என்பதே விதி.

பத்தரை மணிக்கு நான் 181 எண்ணுக்கு அழைத்தேன். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கிய மகளிர் உதவி எண் இது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பேசிய பெண் எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் அந்த ஆள் இருக்கிறாரா, பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று மூன்று கேள்விகள்தான் கேட்டார். எங்கள் மருத்துவமனை வளாகத்திலேயே, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதே வளாகத்துக்குப் பல ஆண்டுகளாக வந்து போகிறேன். அந்தப் பலகையை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவசரப் பிரிவில் இருந்த யாரும் எங்களை அங்கே அனுப்பவும் இல்லை. இருபது நிமிடத்தில் அந்த மையத்தின் வழக்குப் பணியாளர் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கலாம். வந்ததும் மருத்துவரிடம் போகாமல் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தம் பெயரைச் சொல்லி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, "உங்களுக்கு வேண்டாம்னு தோணினா எதையும் எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்" என்றார். பிறகு பணி மருத்துவ அலுவலரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்த மூத்த மருத்துவர் வந்த ஐந்தாவது நிமிடத்தில் மெமோ என்ற பேச்சே மறைந்துவிட்டது. நெறிமுறை அந்த மருத்துவமனையில் இருக்கத்தான் செய்கிறது. அது ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கிறது, அவரும் வீட்டுக்குப் போய்விட்டால் இல்லை.

பரிசோதனை மகப்பேறு பிரிவை ஒட்டிய ஓர் அறையில் நடந்தது. தங்கை கேட்டுக்கொண்டதால் என்னை உடன் இருக்க விட்டார்கள். காவலர்களை வெளியே நிறுத்தியது சரியான செயல். பெண் மருத்துவர் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லி, சம்மதம் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கினார். பெண் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று விரல்களால் சோதிக்கும் இரு விரல் பரிசோதனை என்ற அந்தக் கொடிய வழக்கம் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதை 2013இல் கண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 ஏப்ரலில் அதைத் தமிழ்நாட்டில் தடை செய்யுமாறு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், அதைச் செய்பவர் நன்னடத்தை தவறியவராகக் கருதப்படுவார் என்றே அறிவித்தது. ஆனால் மருத்துவர் எடுத்து வந்த அச்சுப் படிவம் பழையது. உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று கேட்கும் கட்டம் அதில் இன்னும் இருந்தது. நான் சுட்டிக்காட்டியதும் அவர் மறுபேச்சின்றி அதன் குறுக்கே கோடு போட்டுச் சிறு கையெழுத்தும் வைத்தார். அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் துணைக்கு யாரும் இல்லாமல் வரும் பெண்ணுக்கு அந்தக் கோட்டை யார் போடுவார்கள்? பழைய படிவக் கட்டுகளை எடுத்துக் கழித்துவிட ஒரு மதிய வேளை போதும்.

அறையில் இருந்த திரை சக்கரம் வைத்த திரை. தரைக்கும் துணிக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி. மறுபுறம் பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களின் உறவினர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய செருப்புகளும் சேலை விளிம்புகளும் எங்களுக்குத் தெரிந்தன. எங்கள் கால்களும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கை பரிசோதனை முழுவதும் அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானூறு, ஐந்நூறு ரூபாய்த் துணியில் தீரக்கூடிய குறை இது. ஆறு மாதம் கழித்தும் அவர் அந்த இரவைப் பற்றிப் பேசினால் முதலில் சொல்வது அந்தச் செருப்புகளைத்தான்.

செவிலியரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். பஞ்சுக்குச்சிகளை ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை பிடித்துப் பாழாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாங்கியில் நிறுத்தி நிழலில் காயவிட்டு, பழுப்புக் காகித உறைகளில் இட்டு, உறையின் மேல் எண் எழுதி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். பிளாஸ்டிக் பையில் ஒன்றையும் போடவில்லை. நடுவில் தங்கையைப் பார்த்து, "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். அன்றைய இரவில் அவர் நலனைப் பற்றி மருத்துவமனையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். கருத்தடை மாத்திரையும் அவர் மேசை இழுப்பறையில் இருந்தே வந்தது. அன்று மாலை அதே மாத்திரைக்காக நான் நான்கு மருந்துக் கடைகளில் ஏறி இறங்கியிருந்தேன். மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று அனுமதி உள்ள மருந்து அது. இருந்தும் இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள், ஒரு கடையில் என் தாலியைப் பார்த்தார்கள், இன்னொரு கடையில் அதெல்லாம் நாங்கள் வைப்பதில்லை என்றார்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்குத்தான் மிகவும் தாமதமானது. ரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் நம்பிக்கை மையம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. அவசரப் பிரிவில் இதற்கென்று முதல் சில நாட்களுக்கான மாத்திரைகள் வைத்திருக்க வேண்டும், வைத்தும் இருந்தார்கள். அலமாரியின் சாவி ஒருவரிடம் இருந்தது, அவர் இன்னொரு கட்டடத்தில் இருந்தார். இரவு இரண்டு மணிக்கு முதல் மாத்திரை கைக்கு வந்தது. சம்பவம் நடந்து 28 மணி நேரம் ஆகியிருந்தது. 72 மணி நேர வரம்புக்குள்தான் என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். அதில் எங்களிடமிருந்து நான்கு மணி நேரத்தை மெமோவும் சாவியும் எடுத்துக்கொண்டன என்பதே என் கணக்கு. ஊசி மருந்துகளை வைக்கும் குளிர்பெட்டி எப்படி இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து மூடப்படுகிறதோ, அப்படியே இந்த மருந்தும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தடயத்துக்காகத் தங்கையின் உடைகளை எடுத்துக்கொண்டார்கள். அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. மாற்று உடை கொண்டு வரவில்லை. மருத்துவமனைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது, வழக்குப் பணியாளர் மையத்துக்குப் போய் மடிப்புக் கலையாத ஒரு நைட்டியும் உள்ளாடைகளும் ஒரு துண்டும் எடுத்து வந்தார். மையத்தின் இரும்பு அலமாரியில் இவற்றையெல்லாம் மூன்று அளவுகளில் அடுக்கி வைத்திருந்தார்கள் என்பதை மறுநாள் பார்த்தேன். கூடவே சோப்பு, பல்பொடி, சானிட்டரி நாப்கின், குழந்தையோடு வருபவர்களுக்காக இரண்டு ரப்பர் பொம்மைகள். யாரோ ஒருவர் அங்கே வந்து சேரும் பெண்ணின் நிலையில் தம்மை வைத்து யோசித்துப் பார்த்திருக்கிறார்.

சகி மையங்கள் 2015 ஏப்ரல் முதல் நிர்பயா நிதியில் நடந்து வருகின்றன. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு உருவான நிதி அது. மருத்துவ உதவி, காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்கும் வசதி ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் என்பது திட்டம். எங்கள் மையம் இரண்டு அறைகளும் ஐந்து கட்டில்களும் ஒரு சிறு சமையலறையும் கொண்டது. மகளிர் காவல் நிலையத்திலிருந்து உதவி ஆய்வாளர் இங்கேயே வந்து வாக்குமூலம் வாங்கினார். தங்கை காவல் நிலையப் படி ஏறவே வேண்டியிருக்கவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் இழப்பீட்டு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. மருத்துவமனையிலும் மையத்திலும் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

குறை என்று சொன்னால், மையம் தன்னைக் குடும்பத் தகராறு தீர்க்கும் இடமாகவே பெரும்பாலும் கருதுகிறது. நாங்கள் அங்கிருந்த இரண்டு நாட்களிலும் கணவரின் வன்முறைக்கு ஆளாகி வந்த பெண்களிடம், உடம்பைப் பற்றியோ கட்டாயப்படுத்தப்பட்டது பற்றியோ ஒரு கேள்வியும் கேட்காமல், இரு வீட்டாரையும் அழைத்துப் பேசலாமா என்றே தொடங்கினார்கள். ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேசிய சராசரி 29.3. திருமணமான பெண்களில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் கைகாட்டுவது, பத்தில் எட்டுப் பேருக்கு மேல், கணவரைத்தான். வயது வந்த மனைவியை வற்புறுத்துவதை நம் சட்டம் இன்னும் வன்கொடுமை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மருத்துவம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கருக்கலைப்பு உரிமைக்கு மட்டுமேனும் கணவரின் பாலியல் வன்முறையும் கணக்கில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. தொற்றும் கருவும் தூக்கமின்மையும் செய்தவர் யார் என்று பார்த்து வருவதில்லை.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்கள் மருத்துவமனைக்கு வராமல் இல்லை. அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல், தலைவலி, தூக்கமின்மை, சில சமயம் பூச்சிமருந்து என்று வேறு காரணம் சொல்லி, அதே புறநோயாளி வரிசையில் நிற்கிறார்கள். மும்பை பாந்த்ராவில் உள்ள பாபா மாநகராட்சி மருத்துவமனையில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சேஹத் என்ற அமைப்பின் துணையோடு தொடங்கிய திலாசா மையம், அந்த வரிசையிலேயே இப்பெண்களை அடையாளம் கண்டு பேசுவதற்கு மருத்துவமனையின் சொந்தச் செவிலியர்களைப் பயிற்றுவித்தது. அது மருத்துவமனையின் ஒரு துறையாகவே இயங்குகிறது. எங்கள் மையம் சமூக நலத் துறையுடையது, மருத்துவமனை சுகாதாரத் துறையுடையது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியைக் கடக்க அன்றிரவு ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்பட்டது.

தொடர் சிகிச்சைதான் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. இரண்டு நாள் கழித்து, மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் என்று மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்; தேதிகள் அட்டையில் எழுதப்பட்டிருந்தன. வராவிட்டால் யார் தேடுவார்கள் என்பதற்குப் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் தங்கைக்குக் குமட்டலும் தூக்கமின்மையும் தாங்க முடியாமல் போய், மாத்திரையை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். நான் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரைத் தொடர்புகொண்டேன். அவர் அரை மணி நேரம் பேசினார்; மாத்திரையைக் காலையில் உணவுக்குப் பின் மாற்றிக்கொள்ளச் சொன்னார்; 28ஆம் நாள் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரே அழைத்தார். அருமையான மனிதர். ஆனால் நான் கூப்பிட்டதால்தான் அவர் கூப்பிட்டார். காசநோய் மாத்திரையை ஒருவர் நிறுத்தினால் வீடு தேடி வரும் சுகாதாரத் துறைக்கு இதற்கும் ஒரு வழி செய்யத் தெரியாதா என்ன? நம்பிக்கை மையத்தின் வாசல் பலகை பெரிது. அந்தக் கதவுக்குள் போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தங்கை பின்பக்கமாக, துணி வெளுக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். நானும் அப்படியே உடன் போவேன்.

மனநல மருத்துவர் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். வழக்குப் பணியாளர் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்ததால் வரிசையில் நிற்காமல் பார்க்க முடிந்தது; மூன்று முறை பார்த்தோம், மிகவும் பொறுமையாகக் கேட்டார். நான்காம் முறை போனபோது அவர் மாற்றலாகியிருந்தார், புதியவரிடம் மீண்டும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றார்கள். தங்கை எழுந்து வந்துவிட்டார். உலக சுகாதார அமைப்பின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, துணைவர் அல்லாத ஒருவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வோ மனப்பதற்றமோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.6 மடங்கு என்று சொல்கிறது. உடல் காயம் இரண்டு வாரத்தில் ஆறியது. இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்வது இன்னும் நிற்கவில்லை. அந்த நேரங்களில் அவருக்கு உதவுவது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழில் பேசுகிறார்கள், நடந்ததைத் துருவிக் கேட்பதில்லை, மூச்சை ஒழுங்குபடுத்தச் சொல்லித் தருகிறார்கள்.

இந்த மருத்துவமனைக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், போகலாம், தயங்காமல் உடனே போங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே மருந்து இருக்கிறது, சரியாகச் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். போவதற்கு முன்பே 181ஐ அழைத்து, சகி மையப் பணியாளரை அவசரப் பிரிவு வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள். மாற்று உடை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அப்போது அணிந்திருந்த துணிகளைத் துவைக்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். துவைத்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, போங்கள். மெமோ கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. மருந்தின் முதல் மாத்திரையைப் பரிசோதனைக்கு முன்பே கேளுங்கள். பரிசோதனை அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டியது. அதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வரும் வியாழக்கிழமை ஹெப்படைடிஸ் பி மூன்றாவது ஊசியும் ஆறாம் மாத ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. அட்டையில் அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தவர் அதே செவிலியர்தான். தங்கை அரை நாள் விடுப்புக்குச் சொல்லிவிட்டார். துணி வெளுக்கும் இடத்தைச் சுற்ற வேண்டாம், இந்த முறை முன்வாசல் வழியாகவே போய்விடலாம் அக்கா என்று நேற்று இரவு சாப்பிடும்போது சொன்னார்.